செம்பருத்தியில் மாவுப்பூச்சி, வேப்பெண்ணெய் அடித்தும் போகவில்லை, என்ன செய்யலாம்?

அஸ்தம்பட்டி மாடி

எல்லாருக்கும் வணக்கம். மொட்டை மாடியில் தொட்டி, பை எல்லாம் சேர்த்து நாற்பது இருக்கும், நாலு வருஷமாக வைத்திருக்கிறேன். கத்தரி, மிளகாய், தக்காளி, டிரம்மில் இரண்டு பப்பாளி, ஒரு கொய்யா, அப்புறம் மாமியார் வைத்த அடுக்குச் செம்பருத்தி. பிரச்சனை இந்தச் செம்பருத்தியில்தான். பொங்கல் முடிந்ததிலிருந்து மாவுப்பூச்சி. நுனியெல்லாம் சுருண்டு, மொட்டு விரியாமலே கொட்டுகிறது. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து வாரம் இரண்டு முறை அடிக்கிறேன். மறுநாள் குறைந்த மாதிரி தெரியும், பத்து நாளில் பழையபடி வந்துவிடும்.

இப்போது புதுசாக இன்னொன்று வந்திருக்கிறது. மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை, ஆனால் பெரியது, கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் நீளம், உடம்பெல்லாம் வெள்ளை நூல் தொங்குகிறது, தொட்டால் ஓடுகிறது. பழைய பல் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய் தினமும் காலையில் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கொல்கிறேன், நேற்று மட்டும் முப்பதுக்கு மேல். கடையில் கேட்டால் ரசாயன மருந்தை எடுத்து நீட்டுகிறார்கள். பிள்ளைகள் பறித்து அப்படியே வாயில் போடுகிற மாடியில் அதை அடிக்க எனக்கு மனசு வரவில்லை. இந்தப் பெரிய பூச்சிக்கு என்ன வழி, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாகலூர் காப்பிக்காடு

அம்மா, முதலில் அந்தப் பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். நீங்கள் கொல்வது மாவுப்பூச்சி இல்லை, மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டின் புழு. கிரிப்டோலேமஸ் என்று பெயர். நீங்கள் எழுதியிருக்கிற அளவு, தொங்குகிற நூல், தொட்டவுடன் ஓட்டம், மூன்றும் அப்படியே பொருந்துகிறது.

நாளைக் காலையில் கையில் ஒரு லென்ஸ் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூட லென்ஸ் போதும். மாவுப்பூச்சி ஒரே இடத்தில் அப்பிக்கொண்டு உறிஞ்சும், நகர்ந்தாலும் மெதுவாகத்தான் நகரும், அதன் மாவு திருநீறு பூசின மாதிரி மெல்லியதாக இருக்கும். இந்தப் புழுவின் மாவு திரித்த பஞ்சு மாதிரி தடித்து, நீள நீளமாகத் தொங்கும். ஒரு குச்சியால் மெல்லப் புரட்டினால் அடியில் முன்பக்கம் ஆறு கால் நன்றாகத் தெரியும், திரும்பிக்கொண்டு விறுவிறுவென்று ஓடும். இன்னும் பொறுமை இருந்தால் ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள், மாவுப்பூச்சி முட்டையிட்டு வைத்திருக்கும் பஞ்சுப் பொதிக்குள் தலையை விட்டு அது தின்பதையே பார்த்துவிடலாம். வளர்ந்த வண்டு நாலு மில்லிமீட்டர் இருக்கும், கறுப்பு முதுகு, தலையும் வால் முனையும் செங்கல் நிறம். புள்ளி போட்ட பொறிவண்டு மாதிரி பளிச்சென்று இருக்காது, அதனால் பலர் கண்ணில் படுவதே இல்லை.

இது நம்ம ஊர்ப் பூச்சி இல்லை. ஆஸ்திரேலியாவில் பிறந்தது. 1898-இல் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களுக்கு, காப்பியின் பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்க என்று கொண்டுவந்தார்கள். அந்த வேலை அதற்கு ஒத்துவரவில்லை, ஆனால் மாவுப்பூச்சியைப் பிடித்துக்கொண்டு இங்கேயே நிலைத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கி விடுகிறவர்கள் இருக்கிறார்கள், உங்கள் மாடிக்குத் தானே தேடி வந்திருக்கிறது.

வேப்பெண்ணெயும் சோப்பும் அடிக்கிறீர்களே, அது மாவுப்பூச்சி மேல் படுகிற மாதிரியே இந்தப் புழு மேலும் படும். மாவுப்பூச்சிக்காவது சுருண்ட இலைக்குள் ஒளிய இடம் இருக்கிறது, தேடி அலைகிற புழு வெளியில்தான் திரிகிறது. அதனால் முதலில் சாகிறது அது. பத்து நாளில் மாவுப்பூச்சி திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

அஸ்தம்பட்டி மாடி

ஐயா, படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதினைந்து நாளாக நசுக்கியிருக்கிறேன். இன்று காலை லென்ஸோடு போனேன், நீங்கள் சொன்ன அந்தக் கறுப்பு வண்டு இரண்டு இருந்தது, செங்கல் நிறத் தலை, அதேதான். புழு ஏழுதான் மிச்சம். இனி என்ன செய்யட்டும்? எதுவுமே அடிக்காமல் விட்டால் செடி தாங்குமா?

நாகலூர் காப்பிக்காடு

தாங்கும். ரொம்பச் சுருண்ட நுனிகளை மட்டும் வெட்டுங்கள். வெட்டியதை உடனே எரிக்காமல், செடிக்கு அடியில் ஒரு அகலமான தட்டில் இரண்டு நாள் போட்டு வையுங்கள், உள்ளே வண்டுப் புழு இருந்தால் ஏறி வந்துவிடும். தட்டைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் வைத்தால் அதுவும் செத்துப்போகும், அதனால் வெறும் தட்டே போதும். புழு இல்லாத கிளைகளில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து மாவுப்பூச்சியைக் கீழே தள்ளுங்கள், விழுந்ததில் பலவற்றுக்குத் திரும்ப ஏறத் தெரியாது.

அதைவிட முக்கியம் எறும்பு. செடியில் எறும்பு ஏறுகிறதா, பார்த்தீர்களா? மாவுப்பூச்சியும் அசுவினியும் சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பாகக் கழிக்கும். அதைக் குடிக்க எறும்பு வரும், வந்தது சும்மா போகாது, பொறிவண்டையும், மாவுப்பூச்சியைத் தாக்குகிற குட்டிக் குளவியையும் கடித்துத் துரத்தும், மாவுப்பூச்சிக் குஞ்சைத் தூக்கிப் போய் அடுத்த கிளையில் விடும். எறும்பை நிறுத்தாமல் எந்த வண்டை விட்டாலும் வேலைக்கு ஆகாது. தண்டில் ஒரு ஜாண் உயரத்தில் பாலித்தீன் பட்டையை இறுக்கிச் சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டை இல்லாமல் மரத்தோலில் நேரடியாகத் தடவக் கூடாது, தோல் வெந்துவிடும். கிளை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள், எறும்பு அந்த வழியாக வந்துவிடும்.

கொண்டலாம்பட்டி தாத்தா

தொட்டியை மூன்று செங்கல் மேல் வைத்து, செங்கலைத் தண்ணீர்த் தட்டில் வைத்தாலும் எறும்பு ஏறாது. ஆனால் வெறும் தண்ணீர் வைத்தால் டெங்கு கொசு முட்டை வைக்கும், வாரம் ஒரு தரம் கொட்டித் தேய்த்து மாற்றுங்கள், இல்லையென்றால் சோப்புத் தண்ணீர் வையுங்கள்.

மற்றபடி இவ்வளவு தூரம் வண்டு, புழு என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் அப்பா காலத்திலிருந்து புகையிலைக் கஷாயம்தான். கால் கிலோ புகையிலைக் காம்பு, இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு ராத்திரி ஊறினால் போதும், ஒரே அடியில் அசுவினி, மாவுப்பூச்சி, இலைப்பேன் எல்லாம் கொட்டிவிடும். அதுவும் செடியிலிருந்து வருவதுதானே, இயற்கைதானே.

சூரமங்கலம் மல்லி

தாத்தா, மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். போன வருஷம் நானும் புகையிலைக் கரைசல் அடித்தேன். ஊற வைத்த கையோடு தக்காளிக்குப் பக்கக் கிளையும் கிள்ளினேன். மூன்று வாரத்தில் இலையெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகி, நுனி நூல் மாதிரி மெலிந்து, பன்னிரண்டு செடியையும் பிடுங்க வேண்டியதாகிவிட்டது. அப்புறம் விசாரித்தபோதுதான் புகையிலையில் இருக்கிற மொசைக் வைரஸ் காய்ந்த இலையில்கூட உயிரோடு இருக்கும், கையில் ஒட்டிக்கொண்டே தக்காளிக்கும் மிளகாய்க்கும் போகும் என்று சொன்னார்கள். எனக்கு வந்தது அதுதானா என்று பரிசோதித்துப் பார்க்கவில்லை, ஆனால் அதற்கப்புறம் புகையிலை தொட்ட கையோடு தோட்டத்துக்குள் போவதில்லை. வீட்டில் பீடி பிடிக்கிறவர்கள் இருந்தால் அவர்களையும் கை கழுவிவிட்டு வரச் சொல்கிறேன்.

நாகலூர் காப்பிக்காடு

மல்லி சொல்வது சரி. இயற்கை என்கிற ஒரு சொல்லை நம்பி எதையும் அடிக்கக் கூடாது. புகையிலையில் வேலை செய்வது நிக்கோட்டின், அது நரம்பைத் தாக்குகிற கடும் விஷம். கையால் கலக்கினால் தோல் வழியாக நம் உடம்பிலும் ஏறும், தலைசுற்றும், வாந்தி வரும். பொறிவண்டு, தேனீ, குளவி எதையும் பார்த்து விடாது. தாத்தா சொல்கிற “எல்லாம் கொட்டிவிடும்” என்பதில்தான் எனக்குப் பயம், கொட்டினதில் நமக்கு வேலை செய்தவையும் இருக்கின்றன. முதலில் திரும்பி வருவது மாவுப்பூச்சியும் அசுவினியும்தான், தின்கிற பூச்சி எப்போதும் பின்னால்தான் வரும், இரை இல்லாத இடத்துக்கு அது ஏன் வரப்போகிறது.

வாழப்பாடி குச்சிக்கிழங்கு

இந்த இழையை நாலு நாளாகப் படிக்கிறேன், எங்கள் காட்டில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாக இருக்கும்.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. சேலம் மாவட்டத்தில் ஜவ்வரிசி ஆலை இருக்கிற வரைக்கும் மரவள்ளியை யாரும் விட மாட்டார்கள். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி என்று ஒன்று வந்தது. வெளிநாட்டுப் பூச்சி, இங்கே அதற்கு எதிரியே இல்லை, அதனால் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி, தெருவோரப் பார்த்தீனியம் வரை எல்லாவற்றிலும் வெள்ளை பூத்த மாதிரி அப்பியது. மருந்து அடித்துப் பார்த்தார்கள், மெழுகு மாவு மூடியிருக்கிறதால் மருந்து உள்ளேயே இறங்கவில்லை. 2010-இல் பெங்களூரில் இருக்கிற பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகளை வரவழைத்தது. அதில் அசரோஃபேகஸ் என்கிற குளவிதான் நன்றாகப் பிடித்துக்கொண்டது. கொசுவைவிடச் சின்னது, நம்மைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும், குஞ்சு உள்ளேயே தின்று வளர்ந்து, ஓட்டில் வட்டமாக ஒரு துளை போட்டு வெளியே வரும். அந்த வருஷக் கடைசியிலிருந்து விட ஆரம்பித்தார்கள், அடுத்த வருஷமே பப்பாளித் தோட்டங்கள் தெளிந்தன.

பத்து வருஷம் நிம்மதி. 2020-இல் கேரளாவில் வேறொரு மாவுப்பூச்சி, மரவள்ளியை மட்டும் தேடிப் பிடிக்கிறது, இளஞ்சிவப்பு நிறம். கொஞ்ச நாளில் எங்கள் பக்கமும் வந்துவிட்டது. குருத்தெல்லாம் முட்டைக்கோஸ் மாதிரிச் சுருண்டு நின்றுபோனது, கிழங்கு விரல் தடிமன்கூட வைக்கவில்லை. அப்பா மூன்று தரம் மருந்து அடித்தார், மூன்று தரமும் காசு போனதுதான் மிச்சம். இதே பூச்சி ஆப்பிரிக்காவில் 1970-களில் கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடுகிற மரவள்ளியை நாசம் செய்திருக்கிறது. அங்கே ஹான்ஸ் ஹெரன் என்கிற விஞ்ஞானி தென்னமெரிக்காவிலிருந்து அனாகைரஸ் லோப்பெசி என்கிற குளவியைக் கொண்டுபோய் 1981-லிருந்து விட்டார், அதற்காக 1995-இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். அந்தக் குளவியைத்தான் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் நம்ம ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வைத்து விட்டார்கள்.

எங்கள் காட்டுக்கும் ஒரு டப்பா கிடைத்தது. சாயந்தரம் வெயில் தாழ்ந்ததும் அப்பா மூடியைத் திறந்து காட்டுக்குள் நடந்தார், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது, அவ்வளவு சின்னது. மருந்தில்லாமல் இது எப்படி என்று அவர் நம்பவே இல்லை. இரண்டு மூன்று மாதம் கழித்துக் குருத்தைப் பிரித்துப் பார்த்தால் மாவுப்பூச்சியெல்லாம் பழுப்பாக, உப்பலாக, கெட்டி ஓடு மாதிரி ஒட்டியிருந்தது, ஒவ்வொன்றிலும் குண்டூசி குத்தின மாதிரி ஒரு துளை. அப்பா அந்த ஒரு இலையைப் பறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடை வரைக்கும் போய்க் காட்டிவிட்டு வந்தார்.

அக்கா, உங்கள் செம்பருத்திக்கு வருகிறேன். ஒன்றை நசுக்கிப் பாருங்கள், மஞ்சளாகச் சாறு வந்தால் பெரும்பாலும் பப்பாளி மாவுப்பூச்சிதான். அப்படியானால் உங்கள் டிரம் பப்பாளியிலும் இருக்கும். பப்பாளி இலையின் அடியில் நடு நரம்பு ஓரமாகப் பாருங்கள், துளை விழுந்த கூடு தெரிந்தால் குளவி ஏற்கெனவே உங்கள் மாடியில் இருக்கிறது என்று அர்த்தம். ஏத்தாப்பூர்க் குளவியைக் கேட்காதீர்கள், அது மரவள்ளிப் பூச்சியைத் தவிர வேறெதையும் தொடாது.

கொண்டலாம்பட்டி தாத்தா

தம்பி எழுதினதைப் பேரனை விட்டு இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். 2009, 10-இல் எங்கள் வீட்டுப் பப்பாளியும் அப்படித்தான் வெள்ளையாகிச் செத்தது. பிறகு எப்படிச் சரியானது என்று இப்போதுதான் தெரிகிறது, நான் என் கஷாயம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, காய்கறியில் புகையிலையை நிறுத்திவிடுகிறேன். ஆனால் கத்தரிக்கு என்ன செய்வது? தண்டும் காயும் துளைக்கிறதே, அந்தப் புழு உள்ளே இருக்கிறது, அதை எந்த வண்டு போய்ப் பிடிக்கும்?

வாழப்பாடி குச்சிக்கிழங்கு

உள்ளே போனபிறகு எதுவும் பிடிக்காது தாத்தா. அதனால்தான் வாடின நுனியைப் பார்த்தவுடனே ஒரு விரல் கீழே தள்ளி வெட்டணும், உள்ளே வெளிர் இளஞ்சிவப்புப் புழு இருக்கும். துளை விழுந்த காயைப் பறித்துத் தொட்டி ஓரத்தில் போடக் கூடாது, சோப்புத் தண்ணீர் வாளியில் முக்கி வைக்கணும். பெண் பூச்சியின் வாசனைக் குப்பி வைத்த இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று தொங்கவிட்டால் ஆண் அந்துப்பூச்சி மாட்டும், மாடிக்கு ஒன்று போதும், ஆனால் கத்தரிக்கு என்று கேட்டு வாங்குங்கள், தக்காளிக் காய்ப்புழுவுக்கான குப்பி கத்தரிக்கு வேலை செய்யாது. டிரைக்கோகிரம்மா என்கிற குட்டிக் குளவியின் அட்டை கேள்விப்பட்டிருப்பீர்கள், ஒரு சிசி (கன சென்டிமீட்டர்) அளவு அட்டையில் சுமார் 20,000 முட்டை ஒட்டியிருக்கும், எல்லாவற்றுக்குள்ளும் குளவிக் குஞ்சு. அது அந்து வைக்கும் முட்டையையே தின்றுவிடும், புழு பிறக்கவே பிறக்காது. பத்துத் தொட்டிக்கு ஒரு முழு அட்டை தேவையில்லை, நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கி வெட்டிக்கொள்ளுங்கள். வாங்கின அன்றோ மறுநாளோ செடியில் கட்டிவிடணும், ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் வைத்தால் வெறும் அட்டைதான். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், கிடைக்கிற நாளைச் சொல்வார்கள்.

ஃபேர்லேண்ட்ஸ் பால்கனி

நான் புழுவுக்கு பி.டி. பாக்டீரியா பவுடர்தான் அடிக்கிறேன், பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். புழு தின்றால்தான் சாகும், பொறிவண்டுக்கும் தேனீக்கும் ஒன்றும் ஆகாது. எல்லாரும் வாரா வாரம் அடிக்கலாம் என்று நினைக்கிறேன், முட்டைக்கோஸுக்குப் பிரமாதம்.

ஓமலூர் மல்பெரி

வாரா வாரம் வேண்டாங்க, தயவுசெய்து. நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறோம். பட்டுப்புழுவும் புழுதானே, பி.டி. பட்ட மல்பெரி இலையைத் தின்றால் ஒரே நாளில் தட்டு தட்டாகச் சாகும். இந்த பாக்டீரியாவையே முதலில் கண்டுபிடித்தது ஜப்பானில், 1901-இல், செத்த பட்டுப்புழுவிலிருந்துதான். பக்கத்தில் மல்பெரிக் காடு இருந்தால் காற்று அடிக்கிற நேரம் பவுடரைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள். நகரத்துக்குள் பால்கனியில் அடிப்பதில் தப்பில்லை, ஆனால் கறிவேப்பிலை, எலுமிச்சையில் இருக்கிற பட்டாம்பூச்சிப் புழுவும் அதில் சாகும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாகலூர் காப்பிக்காடு

முட்டைக்கோஸ் வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு பி.டி.யே பழகிப்போய்விடும். வயலில் பி.டி.க்கு அசையாமல் நின்ற முதல் பூச்சியே அதுதான். நான் இங்கே இரண்டு பாத்தி முட்டைக்கோஸ் போடும்போது ஓரத்தில் கடுகு விதைப்பேன், அந்து அதில்தான் விரும்பி முட்டை வைக்கும். கடுகைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டு மறுபடி விதைப்பேன். பி.டி. வருஷத்துக்கு இரண்டு தரத்துக்கு மேல் எடுத்ததில்லை.

இன்னொன்று, எங்கள் ஏற்காட்டு மலையில் நடப்பது கீழே நடக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிவேரியா, லெக்கானிசிலியம் மாதிரி, பூச்சியைப் பிடித்துக் கொல்கிற பூஞ்சணத்திலேயே செய்த மருந்துகள் எங்களுக்கு நன்றாக வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகையில் மலை முழுக்க மஞ்சு மூடிக்கிடக்கும், இலை காயவே காயாது, பூஞ்சணத்துக்கு அதுதான் வேண்டும். காப்பிக்காய்த் துளைப்பான் மேல் பிவேரியா பிடித்தால் துளை வாசலிலேயே வண்டு வெள்ளைப் பஞ்சு போர்த்திச் செத்திருக்கும், கண்ணால் பார்க்கலாம். அந்தத் துளைப்பான் 1990-இல் கூடலூரில் வந்து இறங்கியது, அதற்கு மருந்தைவிடப் பெரிய மருந்து அறுவடையில் ஒரு காய்கூட மரத்திலும் தரையிலும் விடாமல் பொறுக்குவது. இதே பவுடரை சேலத்தில் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் அடித்தால் வித்து வெந்துபோகும். கீழே இருக்கிறவர்கள் அடிக்கத்தான் வேண்டுமென்றால் மழைக்காலத்தில், பொழுது சாய்ந்தபிறகு, இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள், கடை வெயிலில் ஆறு மாசம் கிடந்த பாக்கெட்டில் உயிர் இருக்காது.

அதே மாதிரி வேம்பும். எங்கள் மேட்டில் வேப்ப மரம் சரியாக வராது, கொட்டை அடிவாரத்திலிருந்துதான் வாங்கி வருவேன். பருப்பு 50 கிராம் இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊற வைத்து, துணியில் வடிகட்டி, துளி சோப் சேர்த்து அன்றே அடித்துவிட வேண்டும். வெயில் பட்டால் அதன் சத்து போய்விடும், அதனால் இதுவும் சாயந்தரம்தான். நான் வேம்புக்கு எதிரி இல்லை. பொறிவண்டு வந்து உட்கார்ந்த கிளையில் அடிக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

சூரமங்கலம் மல்லி

என் கேள்வியும் ஒன்று. கொல்லையில் தென்னை, அதன் ஓலையிலிருந்து ஒட்டும் பிசினாகச் சொட்டுகிறது, கீழே இருக்கிற குண்டுமல்லி இலையெல்லாம் கரி பூசின மாதிரி. துவைத்த துணிகூடக் காயப் போட முடியவில்லை. வேர் வழியாக மருந்து கட்டலாம் என்று ஒருவர் வந்து ஆயிரம் ரூபாய் கேட்கிறார்.

வாழப்பாடி குச்சிக்கிழங்கு

கட்டாதீர்கள் அக்கா. சுருள் வெள்ளை ஈ, 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் ஆரம்பித்தது. ஓலைக்கு அடியில் வட்ட வட்டமாகச் சுருள் கோலம் போட்ட மாதிரி முட்டை இருக்கும். இதற்கும் என்கார்சியா என்று ஒரு குட்டிக் குளவி தானாகவே வந்து சேர்ந்திருக்கிறது, தாக்கின குஞ்சு கறுத்துப்போகும். வேரில் கட்டுகிற மருந்து இளநீரிலும் போகும். கீழ் ஓலையில் தண்ணீரைப் பலமாகப் பீய்ச்சுங்கள். இலையில் கரி மாதிரிப் படிந்த கரும்பூசணத்துக்கு மைதா லிட்டருக்கு 25 கிராம் கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து மல்லி இலையில் அடியுங்கள். காய்ந்து உரியும்போது கரியையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். எங்கள் வீட்டில் மைதாவுக்குப் பதில் மரவள்ளி மாவுதான். மஞ்சள் பாலித்தீனில் விளக்கெண்ணெய் தடவித் தென்னையில் கட்டலாம், ஈ அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஃபேர்லேண்ட்ஸ் பால்கனி

மஞ்சள் அட்டையை நான் எட்டு தொங்கவிட்டிருக்கிறேன், நல்லா மாட்டுகிறது.

நாகலூர் காப்பிக்காடு

என்ன மாட்டுகிறது என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள் தம்பி. பச்சை உடம்பு, கண்ணாடி மாதிரி இறக்கை, தங்க நிறக் கண் இருந்தால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சி, அதன் புழு ஒரு நாளைக்குப் பல அசுவினியைக் குத்தி உறிஞ்சும். அட்டையில் அது நாலைந்து தெரிந்தால் எட்டில் ஆறைக் கழற்றிவிடுங்கள். அதன் முட்டையையும் தெரிந்துகொள்ளுங்கள், இலையிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு காம்பு நிற்கும், நுனியில் வெள்ளைப் புள்ளி. பூசணம் என்று நினைத்துத் துடைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அஸ்தம்பட்டி மாடி

ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், பிள்ளைகளுக்குப் பரீட்சை.

நசுக்கினேன், மஞ்சள் சாறுதான். பப்பாளி இலையின் அடியில் தம்பி சொன்ன அதே துளை போட்ட கூடு இருந்தது, ஒரே இலையில் நாற்பத்திரண்டு எண்ணினேன். அன்றிலிருந்து எண்ணெய், சோப் எதையும் எடுக்கவில்லை. கிரீஸ் பட்டை சுற்றின நாலாவது நாளே எறும்பு வரிசை நின்றது, கொய்யா வழியாக ஒரு கிளை தொட்டுக்கொண்டிருந்ததைக் கடைசியில்தான் கண்டுபிடித்தேன். முதல் இரண்டு வாரம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது, மாவுப்பூச்சி கூடுகிற மாதிரிதான் தெரிந்தது, ஒருநாள் ராத்திரி தெளிப்பானை எடுத்துக் கலக்கக்கூடச் செய்தேன், காலையில் கீழே கொட்டிவிட்டேன். மூன்றாவது வாரம் ஏழு புழு இருபதானது. ஐந்தாவது வாரம் எண்ண முடியவில்லை. இப்போது செம்பருத்தியில் மாவுப்பூச்சி இரண்டு மூன்று இடத்தில்தான், புது நுனி நேராக வருகிறது. சின்னவன் லென்ஸைக் கயிறு கட்டிக் குழாயில் தொங்கவிட்டிருக்கிறான், பள்ளிக்கூடம் போகுமுன் போய்ப் பார்த்துவிட்டுத்தான் போகிறான். நேற்று மாமியார் பூஜைக்கு நாலு பூப் பறித்தார். ஐந்தாவது பூவில் வண்டு உட்கார்ந்திருந்தது, அதைச் செடியிலேயே விட்டுவிட்டார்.

கன்னங்குறிச்சி சீதா

அக்கா, இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் கொய்யா முழுக்க வெள்ளை. உங்களிடம் இருக்கிற புழு கொஞ்சம் கிடைக்குமா?

அஸ்தம்பட்டி மாடி

தாராளமாக. என்னிடம் இரை தீர்ந்துகொண்டிருக்கிறது, எப்படியும் பறந்துபோகத்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள் வாருங்கள், வெயில் ஏறினால் டப்பாவுக்குள் செத்துவிடும். மூடியில் துளை போட்ட டப்பா, உள்ளே உங்கள் கொய்யாவிலிருந்து மாவுப்பூச்சி அப்பின இரண்டு இலை போட்டுக் கொண்டுவாருங்கள், பட்டினி கிடந்தால் ஒன்றையொன்று தின்னும். வருவதற்கு முன்னாலேயே மரத்தில் கிரீஸ் பட்டை சுற்றிவிடுங்கள்.